புது மெஷின் வேண்டாம், முதலில் டிஸ்க்கை மாற்றுங்க

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் வேலை எப்படி நகரும் என்று தெரிந்தவர்களுக்கு என் அவசரம் புரியும். ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் படம் பெரும்பாலும் சாயங்காலம்தான் மெயிலில் வரும். அதைக் கலர் வாரியாகப் பிரிக்க வேண்டும். கருப்புத் துணி என்றால் எல்லாக் கலருக்கும் அடியில் ஒரு வெள்ளை சேர்க்க வேண்டும். அப்புறம் பிலிம் எடுத்துக் கொடுத்தால்தான் ஸ்கிரீன், அதாவது துணியில் கலரை இழுக்கும் வலைச் சட்டம், போட முடியும். ஸ்கிரீன் போய்ச் சேர்ந்தால்தான் டேபிளில் ஆட்கள் கை வைப்பார்கள். நடுவில் என் கம்ப்யூட்டர் திணறினால், அங்கே பிரிண்டிங் மாஸ்டர் போனை எடுத்துவிடுவார். "ஏனுங்க, பிலிம் ஆச்சுங்களா? ஆளுங்க சும்மா நிக்கறாங்க."

என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பவர் பட்டனை அழுத்திவிட்டு, பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் போட்டோஷாப் இன்னும் ஃபான்ட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும். சர்வீஸ் கடையில், "பழசாயிருச்சுங்க, புதுசு வாங்கிருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் அப்பாரு தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் பேரிங்கா, காயிலா, ஸ்டார்ட்டரா என்று பார்ப்பாரே தவிர, புது மோட்டாருக்கு ஓட மாட்டார். காயில் போயிருந்தால் கட்டிக்கொண்டு வந்து மாட்டினால் இன்னும் பல வருசம் தண்ணீர் இறைக்கும். கம்ப்யூட்டரிலும் எது நின்றுபோயிருக்கிறது என்று பார்க்காமல் மொத்தத்தையும் தூக்கிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைப் பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மெஷின் தவிக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். என்னுடையதில் சி.பி.யு. பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. பிராசஸர் வேலை செய்யத் தயாராக இருக்கிறது, டிஸ்க் கொண்டுவந்து கொடுத்தால்தானே? உங்கள் மெஷினிலும் இப்படித் தெரிந்தால் மேலே படியுங்கள். சி.பி.யு.வே 100-ல் நின்றால் கதை வேறு, டிஸ்க் மாற்றி அதிகம் பயன் இருக்காது.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படித் திணறுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெளிவானது. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் அந்தத் தடத்துக்கு நகர்ந்து போக இன்னொரு எட்டு, ஒன்பது மில்லி செகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்க வேண்டியிருந்தால் ஒரு செகண்டுக்கு எண்பது துண்டு கிடைத்தாலே பெரிது. விண்டோஸ் எழுந்திருப்பதும், ஃபான்ட்டுகள் ஏறுவதும் முழுக்க முழுக்கச் சின்னத் துண்டு வேலை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. எல்லாம் சிப். அதே துண்டுகளைச் செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துவிடும்.

எங்கள் வேலையில் இன்னொரு சங்கதியும் உண்டு. 14-க்கு 16 இன்ச் படம், 300 டி.பி.ஐ. (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) என்றால் 4,200-க்கு 4,800 பிக்சல், அதாவது இரண்டு கோடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு லேயருக்கே 60 எம்பி ஆகும். லேயர் கூடக் கூட, பின்னால் போவதற்கான ஹிஸ்டரியும் சேர, 8 ஜிபி ராம் நிறைந்துவிடும். அதற்கு மேல் போட்டோஷாப் டிஸ்க்கில் ஸ்கிராட்ச் என்று இடம் பிடித்து அங்கே எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். கன்ட்ரோல் இசட் அழுத்திவிட்டு மணல் கடிகாரக் காலத்து ஆள் மாதிரி உட்கார்ந்திருந்ததெல்லாம் இதனால்தான்.

சரி, எதை வாங்குவது? இணையத்தில் எல்லோரும் என்.வி.எம்.இ. என்ற அதிவேக எஸ்.எஸ்.டி. வகையைத்தான் சொல்கிறார்கள். செகண்டுக்கு 3,500 எம்பி, அதற்கும் மேல் என்று போட்டிருப்பதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் என் போர்டில் அதை மாட்டும் எம்.2 ஸ்லாட்டே கிடையாது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில் கேட்டபோது அந்தத் தம்பி விலை சொல்வதற்கு முன்னால், "போர்டு என்னதுங்கக்கா?" என்றுதான் கேட்டார். எச்81 என்றதும், ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் மாட்டும் 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி.யைத்தான் எடுத்து வைத்தார். இப்படிக் கேட்டுவிட்டு விற்கும் கடையில் தைரியமாக வாங்கலாம். சாட்டா 3 வழியாக நடைமுறையில் செகண்டுக்கு 550 எம்பி வரைதான் வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவர்களுக்கு அதுவே தாராளம்.

எஸ்.எஸ்.டி.யின் சிப்பில் டி.எல்.சி., கியூ.எல்.சி. என்று வகைகள் உண்டு, டப்பாவில் டி.எல்.சி. என்று இருந்தால் நல்லது. கியூ.எல்.சி. விலை மலிவு, ஆனால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது சுருதி இறங்கிவிடும். எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரண்டி என்பதையும் டி.பி.டபிள்யு. என்று போட்டிருப்பார்கள். 500 ஜிபி டிரைவுக்கு 180, 300 என்று பார்க்கலாம். தினமும் 40 ஜிபி எழுதினால்கூட 180 டெராபைட்டைத் தீர்க்கப் பன்னிரண்டு வருசத்துக்கு மேல் ஆகும். எழுதி எழுதித் தேய்ந்துவிடுமோ என்ற பயம் எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையில்லை.

கேபினட்டைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பஞ்சு. பக்கத்தில் கட்டிங் யூனிட் இருப்பதால் வீட்டுக் காற்றிலேயே அது மிதக்கும். பிராசஸர் ஃபேனுக்குக் கீழே ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் நேவி புளூவும் சிவப்பும் கலந்து, மெத்தென்று ஒரு பட்டையாகப் படிந்திருந்தது. ட்வீசரால் பிடித்து இழுத்தால் துணி மாதிரியே உரிந்து வந்தது. டிஸ்க்கை மாற்றுகிறோமோ இல்லையோ, நம்ம ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வருசத்துக்கு இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெட்டுவிடும். வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட்டுகள் இருக்கும். அதில் இரண்டுதான் சாட்டா 3. மற்ற இரண்டும் சாட்டா 2, அதில் மாட்டினால் வேகம் பாதியாகிவிடும். போர்டிலேயே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள், டார்ச் அடித்துப் பார்த்து மாட்டுங்கள். எஸ்.எஸ்.டி.யைப் பொருத்த என் கேபினட்டில் சரியான இடம் இல்லை. அசையும் பாகமே இல்லாத பொருள் என்பதால் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினாலே போதும்.

விண்டோஸைப் புதிதாகப் போடலாம், அல்லது பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுத்து குளோன் செய்யலாம். பல வருசமாகச் சேர்த்த ஃபான்ட்டுகள், ஆக்‌ஷன்கள், பிலிம் எடுக்கும் சாஃப்ட்வேரின் செட்டிங் எல்லாம் எனக்கு அப்படியே வேண்டும். அதனால் குளோன்தான் செய்தேன். அதற்கான குளோன்ஸில்லா சாஃப்ட்வேர் இலவசம், ஆனால் எழுத்துத் திரையைப் பார்த்துப் பயப்படாதவர்களுக்கு. டிரைவ் கம்பெனிகளே இதற்குச் சாஃப்ட்வேர் தருவதும் உண்டு. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் காலி என்பதால், தொடங்குவதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி. ஒன்றை வைத்து மட்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். எழுந்தால்தான் குளோன் சரி.

எழுந்தது. பட்டனை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் திரை வந்துவிட்டது. போட்டோஷாப் கேட்டவுடன் திறக்கிறது. ஸ்கிராட்ச் டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.க்கே மாற்றிவிட்டேன், லேயர் கூடினாலும் கை நிற்பதில்லை. எனக்குப் பெரிய லாபம் எதுவென்றால், ஒரு கலரைப் போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் பின்னால் போக முடிகிறது. முன்பு காத்திருப்பதற்குப் பயந்தே "இது போதும்" என்று விட்ட டிசைன்கள் உண்டு. இப்போது வெள்ளையின் ஓரத்தை அரை பிக்சல் உள்ளே தள்ளி, பார்த்து, மறுபடியும் தள்ளிச் சரி செய்கிறேன். பிரிண்ட்டில் ஓரம் பிசிறில்லாமல் வருகிறது. மாஸ்டரும் அதைக் கவனித்துச் சொன்னார், அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

மாறாததும் உண்டு. கனமான ஃபில்டர், படத்தைப் புள்ளிகளாக்கும் ஹாஃப்டோன் கணக்கெல்லாம் பிராசஸரின் வேலை, அது பழைய வேகம்தான். ராமை 16 ஜிபி ஆக்கினால் இன்னும் நன்றாக இருக்கும், இந்த போர்டு அதுவரை தாங்கும். விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை ஏற்காது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எனவே பாங்க் வேலையெல்லாம் போனில், இந்த மெஷின் டிசைனுக்கு மட்டும் என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல சமயம் டக் டக் என்று சத்தம் போடும், மெதுவாகும், நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமல் ஒரே நாளில் போய்விடலாம், போனால் மீட்பதும் கஷ்டம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும் அதற்கு ஆகாது. நம்ம பக்கம் பராமரிப்பு ஷட்டவுனும் மழைக்காலக் கரண்ட் கட்டும் இருக்கத்தான் செய்யும், அதனால் யு.பி.எஸ். கட்டாயம். பழைய 500 ஜிபி டிஸ்க்கை அதே கேபினட்டில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டியிருக்கிறேன். தினமும் வேலை முடிந்ததும் அன்றைய டிசைன்கள் அதில் ஒரு காப்பி, முடிந்துபோன ஆர்டர்கள் வெளியில் வைக்கும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி. அப்படி எடுத்து வைப்பதற்கு எஸ்.எஸ்.டி. வாங்காதீர்கள். பவர் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் இருப்பது மெல்ல மெல்ல அழியக்கூடும், பீரோவில் வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி.