ஐ.என்.எஸ். குக்ரி மாடல்: அடிப்பாகம் முடிந்தது

கப்பல் மாடல் செய்கிறவர்களில் பலர் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பாகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். வேலை பாதியாகக் குறையும், கடல் மாதிரி வண்ணம் தீட்டிய பலகையில் ஒட்டிவிடலாம். இந்தியக் கடற்படையின் போர்க்கப்பலான குக்ரியை நான் அப்படிச் செய்யவில்லை. இது லெப்டினன்ட் வி. கே. ஜெயின் நினைவாகச் செய்கிற மாடல். அவருடைய உழைப்பெல்லாம் தண்ணீருக்குள் இருந்த சோனாரில், அதாவது ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவியில். அந்த இடமே இல்லாத கப்பலைச் செய்து அவர் பெயரை எழுத மனம் வரவில்லை.

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ தாக்கி சில நிமிடங்களில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு போன கேப்டன் மகேந்திர நாத் முல்லாவைப் பலருக்கும் தெரியும். மகா வீர் சக்ரா பெற்றவர். ஜெயின் பெயர் அவ்வளவாக வெளியே வருவதில்லை.

அவர் மின்பிரிவு இளம் அதிகாரி. குக்ரியில் இருந்தவை 170, 174 ரகச் சோனார்கள். ஹங்கோர் பிரெஞ்சுத் தயாரிப்பு, புதியது. குக்ரிக்கு அது கேட்பதற்கு முன்பே அதற்குக் குக்ரி கேட்டுவிடும். இந்தக் குறையைப் போக்கத்தான் ஜெயின் ஒரு கருவியை உருவாக்கி, அதைச் சோதிக்கத் தானும் கப்பலில் இருந்தார். கப்பலின் சொந்த இரைச்சல் குறைந்தால்தான் சோனாருக்கு நன்றாகக் கேட்கும் என்பதால் வேகத்தைக் குறைத்துப் போனார்கள். நீர்மூழ்கிக்கு அது வசதியாகிவிட்டது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த வேகக் குறைப்போடு ஜெயினை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கடற்படையின் உண்மையான ஓட்டை எது என்று கண்டு, அதை அடைக்கப் பார்த்தவர் அவர்.

சரி, வேலைக்கு வருகிறேன். அளவு 1/200. அசல் கப்பல் சுமார் 94 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மாடலில் 47 செ.மீ., 5 செ.மீ. வருகிறது. குக்ரி பிளாக்வுட் என்ற பிரிட்டிஷ் வகையைச் சேர்ந்தது; அந்த வகைக் கப்பலின் வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து, போம் ஷீட்டில் விலாக்களை வெட்டி, நடுவில் ஒரு நெடும்பட்டையில் செருகினேன். மேலே பால்சா என்ற லேசான மரத்தின் பட்டைகள், அப்புறம் பட்டி, அப்புறம் உப்புத்தாள். முன்பக்கம் உயர்ந்து கூராக வரும் அந்த வளைவில்தான் நேரம் போனது. இந்தக் கப்பலின் அழகே அங்கேதான் இருக்கிறது, அவசரப்படக் கூடாது. விரலால் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மேடும் தெரிந்துவிடும்.

சோனாரை மூடியிருக்கும் கூடான டோமைத் தனியாகச் செய்தேன். தேக்குத் துண்டு ஒன்றைக் கண்ணீர்த் துளி வடிவத்தில் தேய்த்து, கீலுக்கு (அடிப்பாகத்தின் நடுவே ஓடும் முதுகெலும்பு) அடியில் முன்பக்கம் பொருத்தியிருக்கிறேன். அசலில் அது உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது. நான் வேண்டுமென்றே வெளியே இறக்கிய நிலையில் வைத்தேன். தேடிக்கொண்டிருக்கும் கப்பலாகத்தான் அது தெரிய வேண்டும். பின்னால் ஒரே ஒரு புரொப்பெல்லர். சிக்கனமாகக் கட்டப்பட்ட வகை என்பதால் இதற்கு இரண்டாவது இல்லை. தகரத்தில் வெட்டி முறுக்கியது போதுமானதாக இருக்கிறது.

நீர்மட்டத்துக்குக் கீழே ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று. கடையில் கிடைக்கும் சாதாரண பிரைமர்தான். பளபளப்பு இல்லாததால் மாடலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. மேலே சாம்பல் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் மாஸ்கிங் டேப்பின் ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் உள்ளே கசியும்.

மேல்பாகத்தில் இனி முக்கியமானவை பின்தளத்தில் உள்ள, நீர்மூழ்கியைத் தாக்கும் லிம்போ மார்ட்டர்கள் இரண்டு. மூன்று குழல் கொண்டவை. 170 சோனார் சொல்லும் தூரத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ப வெடிகுண்டை வீசுபவை. சோனார் கேட்டால்தான் இவற்றுக்கு வேலை. அதனால் போஃபோர்ஸ் பீரங்கிகளை விட இவற்றில் கூடுதல் கவனம் எடுக்கப் போகிறேன். குழல்களுக்கு ஊசி மருந்துச் சிரிஞ்சின் ஊசியை அறுத்துப் பார்த்தேன், கொஞ்சம் மெல்லிசாகத் தெரிகிறது; பேனா ரீஃபிலின் முனைப் பித்தளையை அடுத்து முயல வேண்டும். போஃபோர்ஸுக்கு அந்த ஊசி சரியாக இருக்கும்.

கப்பலின் பக்கத்தில் வரும் எஃப்149 என்ற அடையாள எண்ணுக்கு ஸ்டென்சில் வெட்டி வைத்திருக்கிறேன். மாடலின் பெயர்ப்பலகையில் கேப்டன் முல்லாவின் பெயரோடு ஜெயினின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும்.