பொடிக்கோடு

செல்லூரில் வீட்டிலேயே மெஷின் போட்டு பதினாறு வருஷமாகத் தைக்கிறேன். போன மே மாதம் பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தது. அறுபது சட்டை, வெள்ளையில் கருநீலப் பொடிக்கோடு. நாலாவது சட்டைக்குக் காலர் வைக்கும்போது கோடுகள் நெளிய ஆரம்பித்தன. துணியில் இல்லாத மஞ்சளும் ரோஸும் நடுநடுவே தெரிந்தன. ஊசி எங்கே இறங்குகிறது என்றே பிடிபடவில்லை. அரை மணி நேரத்தில் வலப்பக்கத் தலை தெறித்தது, வாந்தி.

மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். கண்ணாடிக் கடையில் பவர் இருக்கிறது என்று ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டதும் கோடு இன்னும் துல்லியமாகத் தெரிந்தது, வலியும் கூடியது.

பட்டைக்கோடு போட்ட லுங்கி மூட்டினால் எனக்கு ஒன்றும் செய்யாது. அதே பொடிக்கோட்டுத் துணியைக் கொடியில் போட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தாலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் வைத்தால்தான். மதுரை ஜங்ஷன் எஸ்கலேட்டரில் படியின் வரிகளைக் குனிந்து பார்த்தாலும் இதே கிறுகிறுப்பு. நரம்பு டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஈஈஜி என்கிற மூளைப் பரிசோதனை எழுதினார்.

தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், ராத்திரி குறைவாகத் தூங்கி வரச் சொன்னார்கள். தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டினார்கள். மூன்று நிமிஷம் மூச்சை இழுத்து இழுத்து விட வேண்டும். பிறகு முகத்துக்கு நேரே விளக்கு மின்னும். கரண்ட் எதுவும் வைப்பதில்லை, மூளையிலிருந்து வருவதைப் பதிவு செய்வதோடு சரி. பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வலிப்பு இல்லை, மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி என்றார் டாக்டர்.

அவர் விளக்கியது: பின்மண்டையில் பார்வைக்கான பகுதி இருக்கிறது. மரத்தையோ முகத்தையோ பார்க்கும்போது அங்குள்ள நரம்பணுக்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே சீரான கோடு வந்தால் ஒரே வகை அணுக்கள் மொத்தமாகக் கிளம்பிவிடும். மைக்ரேன் உள்ளவர்களுக்கு அந்தக் கிளர்ச்சி சீக்கிரம் எல்லை மீறுகிறது.

வீட்டுக்கு வந்து மகளை போனில் தேடச் சொன்னேன். இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆர்னால்ட் வில்கின்ஸ் பல வருஷம் இதையே ஆராய்ந்திருக்கிறார். பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குள், அதாவது கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் மறைக்கிற அகலத்துக்குள், கருப்பும் வெள்ளையுமாக மூன்று ஜோடிக் கோடு அடங்கினால்தான் தொல்லை அதிகமாம். நான் துணி பிடிக்கும் ஒன்றரை அடி தூரத்துக்கு மகள் கணக்குப் போட்டாள். கோடு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். டேப்பை வைத்து அளந்தேன். அதேதான்.

காடாத் துணியில் நீளமாக ஓட்டை வெட்டி, தையல் போகும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி மேலே போட்டுக்கொண்டேன். பெரிய வித்தியாசம் அதில்தான். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை துடிக்குமாம், அதை அணைத்துவிட்டு மெஷினை ஜன்னலோரம் நகர்த்தினேன். கோடு நெளிய ஆரம்பித்தால் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்துவேன், நெளிவு குறையும். மாத்திரையும் உண்டு. மிச்ச ஐம்பத்தாறு சட்டையும் பள்ளி திறக்குமுன் போய்ச் சேர்ந்தன.

அச்சடித்த வரிகளும் ஒருவகைக் கோடுதான் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு மகள் ஞாபகம் வந்தது. "எழுத்து ஆடுதும்மா" என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். படிக்காமல் இருக்கச் சாக்கு என்று அடித்திருக்கிறேன். அன்று ராத்திரி ஒரு அட்டையில் மூன்று வரி அளவுக்கு ஓட்டை வெட்டி அவளுடைய அறிவியல் புத்தகத்தின் மேல் வைத்துக் கொடுத்தேன்.