காட்டில் பறித்த புளூபெர்ரி, வீட்டில் சுட்ட கிரம்பிள்

நோர்வேக்குப் புதிதாக வந்தவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஒரு வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். வந்த புதிதில் எனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு அட்டை, ஒரு இலக்கம், ஒரு விண்ணப்பம் தேவைப்பட்டது, புளூபெர்ரி பறிக்க மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பயிர் செய்யாத காட்டு நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் நடக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, நேற்று வந்தவருக்கும் அதே உரிமைதான். வடக்கே நூர்லான், துரும்ஸ், ஃபின்மார்க் பக்கம் முல்டெ என்ற செம்மஞ்சள் நிறக் காட்டுப் பழத்துக்கு மட்டும் நிலக்காரர் தடை போடலாம்.

ஒஸ்லோவில் இருந்தால் 1ஆம் இலக்க மெட்ரோவில் ஃப்ரோங்னர்சேத்தரன் வரை போங்கள், இறங்கினால் நூர்மார்க்கா காடு.

செடி முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும், தண்டு பச்சையாக இருக்கும். பழத்தை நசுக்கினால் உள்ளேயும் கருஞ்சிவப்பு, விரலும் நாக்கும் ஊதாவாகிவிடும். கடையில் விற்கிற பெரிய புளூபெர்ரி உள்ளே வெளிறிப்போயிருக்கும், சுவையிலும் இதற்குக் கிட்ட வராது. ஆனால் நான்கு இலைகளுக்கு நடுவே ஒற்றைக் கரும்பழம் நிமிர்ந்து நின்றால் தொடவே வேண்டாம், அது நஞ்சு, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, கிரம்பிள், அதாவது பழத்தின் மேல் உதிரி மாவைத் தூவி ஓவனில் சுடுகிற இனிப்பு. அரைக் கிலோ பழத்தில் இலை, குச்சிகளைப் பொறுக்கிவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி சீனியும் ஒரு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவும் பிரட்டி ஓவன் பாத்திரத்தில் பரப்புங்கள், அந்த மாவு இல்லையென்றால் சாறு தண்ணீராகவே நின்றுவிடும். கோதுமை மாவு 100 கிராம், ஓட்ஸ் 100 கிராம், சீனி 75 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம், இவற்றை விரல் நுனியால் உதிரி உதிரியாகப் பிசறி மேலே தூவுங்கள். நான் கொஞ்சம் ஏலக்காய்ப் பொடியும் போடுவேன், இங்குள்ளவர்களும் தங்கள் இனிப்பு பன்னில் ஏலக்காய் போடுகிறவர்கள்தான், அதனால் அயலவருக்குக் கொடுத்தாலும் விரும்பிச் சாப்பிடுவார்கள். 200 பாகை சூட்டில் 25 முதல் 30 நிமிடம், மேலே பொன்னிறமாகி ஓரத்தில் ஊதாச் சாறு கொதித்து வந்தால் எடுத்துவிடலாம். வனிலா ஐஸ்கிரீமோடு சூடாகச் சாப்பிடுங்கள்.

மிச்சப் பழத்தைப் பிரீசரில் வையுங்கள். அப்புறம் குளிர்காலத்தில் செய்யும்போது உருக விடாமல் அப்படியே போடுங்கள், உருளைக்கிழங்கு மாவை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.