லொகார்னோவில் ஓர் ஏரி, ஓர் ஒப்பந்தம், ஒன்பது ஃபிராங்க் தண்ணீர்

சுவிட்சர்லாந்தின் லொகார்னோ என்றால் பெரும்பாலோருக்குத் திரைப்பட விழாதான் நினைவுக்கு வரும். ஊரும் அதைத்தான் விரும்புகிறது என்பதற்கு எங்கு திரும்பினாலும் தென்படும், விழாவின் சின்னமான சிறுத்தைப் படங்களே சாட்சி. நான் போனது 1925 அக்டோபர் 5 முதல் 16 வரை அங்கு நடந்த, ஐரோப்பிய எல்லைகளைக் காப்பதற்கான லொகார்னோ ஒப்பந்தத்தை உருவாக்கிய மாநாட்டின் தடத்தைத் தேடி. முதல் உலகப் போர் முடிந்து 1919இல் வெர்சாயில் நடந்த அமைதி மாநாட்டில், தோற்ற ஜெர்மனிக்குப் பேச இடமே தரப்படவில்லை. எழுதிவைத்த நிபந்தனைகளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஆறே ஆண்டுகளில் அதே ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெசமான், தம்மைப் போன்ற வெளியுறவு அமைச்சர்களான பிரான்சின் பிரியாண்டோடும் பிரிட்டனின் ஆஸ்டின் சேம்பர்லினோடும் சமமாக உட்கார்ந்து பேசியது இந்தச் சின்ன ஏரிக்கரை ஊரில்தான்.

மாநாடு நடந்த பலாஸ்ஸோ டெல் பிரெட்டோரியோ நீதிமன்றத்துக்காகக் கட்டப்பட்ட கட்டடம். அது நிற்கும் தெருவுக்கு அமைதித் தெரு என்றே பெயர். ஆனால் நான் நின்றிருந்த நேரம் முழுக்க அதை நிமிர்ந்து பார்த்தவர் ஒருவருமில்லை. இத்தனை தூரம் செலவழித்து வந்தவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எனினும் யோசித்தால், இந்த ஒப்பந்தத்துக்கு அதற்குமேல் மரியாதை கேட்பதும் கடினம். பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளோடு ஜெர்மனி பகிர்ந்துகொண்ட மேற்கு எல்லைக்குப் பிரிட்டனும் இத்தாலியும் ஜாமீன் நின்றன. கிழக்கே போலந்துக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் ஜெர்மனியிடமிருந்து கிடைத்ததோ, தகராறு வந்தால் நடுவர் முன் தீர்த்துக்கொள்வோம் என்ற வாக்குறுதி மட்டுமே. அவ்விரு நாட்டு அமைச்சர்களையும் கடைசிக் கட்டத்தில்தான் உள்ளே அழைத்தார்கள். பாதி வீட்டுக்கு மட்டும் கூரை போட்டுவிட்டுக் கிரகப்பிரவேசம் நடத்தியதைப் போன்ற வேலை இது என்பது என் கருத்து. ஆனாலும் சேம்பர்லினுக்கு 1925ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசிலும், மற்ற இருவருக்கும் 1926ஆம் ஆண்டுப் பரிசிலும் பங்கு கிடைத்தது.

மனம் தெளிந்தது மஜ்ஜோரே ஏரியில் படகேறியபோதுதான். மாநாட்டில் பேச்சு இறுகியிருந்த வேளையில், சேம்பர்லின் மனைவியின் பிறந்தநாளைச் சாக்காக வைத்து, 'ஆரஞ்சுப் பூ' என்று பொருள்படும் இத்தாலியப் பெயர் கொண்ட படகொன்றில் தலைவர்கள் எல்லோரும் ஏரிக்குள் போய், பத்திரிகையாளர் தொல்லை இல்லாமல் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்தில் சேர்ந்தால், படை குறைக்கப்பட்ட ஜெர்மனி எந்த அளவுக்குப் பிறர் சண்டையில் இழுக்கப்படும் என்ற முடிச்சை அவிழ்க்க அந்தப் பயணம் உதவியது. இருபுறமும் மலை, நடுவில் அசையாத நீர், இறங்கி ஓட வழியில்லை. கோபமாகப் பேசுவது யாருக்கும் சிரமம்தான்.

கரைக்கு வந்து உட்கார்ந்த உணவகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மக்காச்சோள மாவைக் கிளறி, மேலே காளானும் உருகிய பாலாடைக்கட்டியும் சேர்த்துத் தந்த பொலெண்டா, நம் ஊர்ச் சோளக்களிக்கு அயலூர் உறவு என்று சொல்லத்தக்க அருமையான சாப்பாடு. ஆனால் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருந்தும் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு, ரசீதில் அதற்கு ஒன்பது ஃபிராங்க் போட்டிருந்தார்கள். இது பகற்கொள்ளை. சுவிஸ் ஊர்களின் பொது நீரூற்றுகளில் நல்ல குடிநீர் இலவசமாகவே வருகிறது.

ஜெனீவாவிலிருந்து வந்தபோது தொமொதோசோலாவில் மாறி, 1923இல் திறக்கப்பட்ட சென்டோவாலி மலை ரயிலில் ஏறினேன். பள்ளத்தாக்குக்கு மேல் பாலம் பாலமாகத் தாவிச் செல்லும் அந்த ரயிலுக்கு மட்டும் கொடுத்த காசு வலிக்கவில்லை.

ஜெனீவாவில், 1920 முதல் 1936 வரை பன்னாட்டுச் சங்கத்தின் தலைமையகமாக இருந்த பாலே வில்சன் ஏரியோரமாகவே நிற்கிறது. முன்பு அது ஒரு தங்கும் விடுதி, பிற்காலத்தில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அங்கே வந்தது. 1932 பிப்ரவரியில் இந்த நகரத்தில் ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கியபோது, ஷாங்காயில் ஜப்பான் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றிச் சங்கத்தின் ஆலோசனைச் சபை அவசரமாகக் கூட வேண்டியிருந்ததால் மாநாட்டின் தொடக்கமே தள்ளிப்போனது. சில நாட்களில், பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் திரட்டிய எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்துவந்து பிரதிநிதிகள் முன் வைத்தார்கள். மின்னஞ்சல் இல்லாத காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய கையெழுத்துகள் அவை. நோபல் வாங்கிய மூவரைவிட எனக்கு அந்தப் பெண்கள்தான் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். 1933 அக்டோபரில் ஹிட்லரின் ஜெர்மனி மாநாட்டிலிருந்து வெளியேறியது. மாநாட்டுக்காக எழுப்பிய கட்டடமும் 1987இல் தீக்கிரையானது.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1921இல் இந்தியப் பிரதிநிதியாகச் சங்கத்தின் பேரவையில் கலந்துகொண்டார். பிறகு வாஷிங்டன் கடற்படை மாநாட்டுக்குச் சென்று 1922இல் போர்க்கப்பல்களைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டார். போரையே சட்டவிரோதமாக்கிய 1928ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தின் முதல் பதினைந்து கையெழுத்துகளிலும் இந்தியாவின் பெயர் உண்டு. ஆனால் அதை இட்டவர் ஓர் ஆங்கிலேயப் பிரபு. தன்னைத் தானே ஆள முடியாத நாட்டின் பெயரில் உலக அமைதிக்கு உறுதி கொடுத்த கூத்தை வேறு எப்படிச் சொல்வது?

சங்கத்துக்காகக் கட்டப்பட்டு இப்போது ஐ.நா. அலுவலகமாக இருக்கும் ஜெனீவாவின் பாலே தே நாசியோனில் பார்க்க வேண்டியது ஆலோசனைச் சபைக் கூடம். ஸ்பெயின் அன்பளிப்பாகத் தர, ஹொசே மரியா செர்ட் பொன்னிறத்தில் வரைந்த ஓவியங்கள் சுவரெங்கும் நிறைந்திருக்கின்றன. கூரையில் ஐந்து பேருருவக் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. அவை திறக்கப்பட்ட 1936இல் ஸ்பெயினிலேயே உள்நாட்டுப் போர் வெடித்திருந்தது. அதே ஆண்டு மார்ச் 7 அன்று ஜெர்மானியப் படை, படை புகக்கூடாத மேற்கு எல்லைப் பகுதியான ரைன்லாந்துக்குள் நுழைந்ததில் லொகார்னோ ஒப்பந்தமும் செத்திருந்தது.

இங்கே முன்பதிவும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஜெனீவா விடுதிகளில் தங்குவோருக்கு உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை இலவசம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லொகார்னோவரை போவதாக இருந்தால் ரயிலின் அரைக் கட்டண அட்டையை முதல் நாளே வாங்கிவிடுவது பணப்பைக்கு நல்லது.