ஜேலனின் கடன்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 4, 2023, ஞாயிறு

பிளேஸ்பால் முடிந்துவிட்டது. இனி வராது என்று அதை நடத்திய ‘தி கேம் பேண்ட்’ வெள்ளிக்கிழமை அறிவித்துவிட்டார்கள். வீட்டில் அன்றிலிருந்து டிவியில் ஒடிசா ரயில் விபத்துதான். அதைப் பார்த்துவிட்டு இதை எழுதக் கை வரவில்லை. இன்று ராத்திரிதான் உட்கார முடிந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில், கொரோனாவால் அமெரிக்காவில் நிஜ பேஸ்பால் சீசனே தொடங்காமல் கிடந்தபோது வந்த இணைய விளையாட்டு இது. ஆடுவது கம்ப்யூட்டர். படம் கிடையாது, குரல் கிடையாது. யார் பந்து போட்டார், யார் அடித்தார், ஸ்கோர் என்ன என்று வரி வரியாக எழுத்து ஓடும், அவ்வளவுதான். மணிக்கு ஒரு ஆட்டம், வாரத்துக்கு ஒரு சீசன், கடைசியில் தேர்தல். விதிகளை மாற்றுவது ரசிகர்களின் ஓட்டு.

முதல் தேர்தலிலேயே ‘தடைசெய்யப்பட்ட புத்தகத்தைத் திற’ என்று ஓட்டுப் போட்டார்கள். திறந்தாயிற்று. கிரகண நாட்களில் அம்பயர்கள் ஆட்டக்காரர்களை எரித்துச் சாம்பலாக்கத் தொடங்கினார்கள். முதலில் எரிந்தது சியாட்டில் கராஜஸ் அணியின் பிட்ச்சர் (பந்து போடுபவர்) ஜேலன் ஹாட்டாக்ஃபிங்கர்ஸ்.

எனக்கு அந்த லீக் என்றால் ஜேலன்தான்.

ஜூன் 7, புதன்

குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. போர் தண்ணீரை நம்பித்தான். வாய்க்கால் தூர்வாரும் மிஷின் இன்னும் எங்கள் தெரு முனைக்கு வரவில்லை.

ஊரடங்கில் வேலையை இங்கிருந்தே பார்த்த காலத்தில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றால்தான் சிக்னல். அங்கே நின்றுகொண்டுதான் ஜேலனின் பக்கத்தைப் படிப்பேன். ஒரு ஆட்டக்காரருக்கு அங்கே என்ன இருக்கும்? பெயர், திறமைக்கு நட்சத்திரங்கள், ரத்த வகை, காபி எப்படிக் குடிப்பார், ஆட்டத்துக்கு முன் என்ன சடங்கு செய்வார். ‘ஆன்மாவின் அலறல்’ என்று ஒன்று, வெறும் எழுத்துகளின் நீளமான கூச்சல். முகமே இல்லை. அந்த நாலு தகவலை வைத்து ஆயிரக்கணக்கானவர்கள் அவளை வரைந்தார்கள், பாட்டுக் கட்டினார்கள். ஒருவர் வரைந்த ஜேலன் இன்னொருவர் ஜேலன் மாதிரி இருக்கமாட்டாள். யாரும் அதற்காகச் சண்டை போடவில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து ஒருத்தியை உருவாக்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஜூன் 9, வெள்ளி

அவள் திரும்பி வந்த கதையை இன்று அப்பாயியிடம் சொன்னேன்.

ரசிகர்கள் ஆளுக்கு ஒரு ஆட்டக்காரரைத் தங்கள் ‘ஐடல்’ என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். செத்தவர்களையும் அப்படித் தேர்ந்தெடுக்க வழி இருந்ததை யாரோ கண்டுபிடித்தார்கள். ஆறாவது சீசன் தேர்தலில் ஒரு வரம்: பட்டியலில் 14-வது இடத்தில் இருப்பவர், அந்த வரத்தை வெல்லும் அணிக்குச் சொந்தம். முதலிடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் ஏற்றிவிடலாம். இது 14. கூட்டம் கூடினால் 13-க்குப் போய்விடுவாள், குறைந்தால் 15. ஒருவருக்கொருவர் சொல்லி, இங்கே பத்து பேர் விலகி, அங்கே பத்து பேர் சேர்ந்து, தேர்தல் முடியும்போது அவளைச் சரியாக 14-ல் நிறுத்தினார்கள். வரம் விழுந்தது அவளுடைய பழைய அணிக்கே. அன்றைய சந்தோஷம் இப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

அப்பாயி முழுக்கக் கேட்டார். முருங்கைக்கீரை உருவும் கை நிற்கவில்லை.

“திங்களூர்ல அப்பூதியடிகள் மவனப் பாம்பு கடிச்சப்ப அப்பர் பதிகம் பாடி எழுப்புனாரு. நீங்க என்ன பாடுனீங்க?”

“ஓட்டுப் போட்டோம் அப்பாயி.”

“சரி, எமன் கணக்குக்கு யாரு பதில் சொன்னா?”

அவள் திரும்பி வந்தபோது கூடவே வந்த கடன் பற்றி நான் அதுவரை வாயே திறக்கவில்லை. அவராகவே பேச்சைத் திருக்கடையூருக்குக் கொண்டுபோனார். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்ததோடு அந்தக் கதை முடியவில்லை, எமன் விழுந்து கிடந்ததால் சாவே இல்லாமல் பூமாதேவி பாரம் தாங்காமல் அழுதாள், அப்புறம் எமனையும் எழுப்ப வேண்டியதாயிற்று என்றார். அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே போகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை என்று குறை வேறு.

ஜூன் 12, திங்கள்

இன்று மேட்டூர் திறந்தார்கள். ஜூன் 12 தவறாமல் திறப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும்.

அப்பாயி கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஜேலன் ஏழாவது சீசனில் வந்தபோது அவள் பெயருக்குக் கீழே ‘கடன்’ என்று ஒரு குறி இருந்தது. அவள் போடும் பந்து எதிரணி பேட்டரின் உடம்பில் பட்டால் அவர் ‘நிலையற்றவர்’ ஆவார். அடுத்து கிரகணம் வரும்போது அம்பயரின் நெருப்பு அவரைத்தான் முதலில் தேடும். அவர் எரிந்தால் அந்த நிலையின்மை இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யும். எத்தனையோ அணிகள் தங்கள் செல்லப் பிள்ளைகளை அப்படி இழந்தன. அவள் பந்து போட வந்தாலே எதிரணி ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

பிறகு அந்தக் கடனை மாற்றி எழுதினார்கள், அதன் பின் இன்னொரு முறையும். நகைக்கடனை வருஷா வருஷம் திருப்பி வைக்கிற மாதிரி. சாவு போய், வேறு பாதிப்புகள் வந்தன. கடன் மட்டும் தீர்ந்தபாடில்லை.

அவளைக் கொலைகாரி என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் வருகிறேன் என்று கேட்கவில்லை. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தது ஓட்டுப் போட்ட நாங்கள். வசூல் மட்டும் அவள் கை வழியாக நடந்தது. அவளை எழுப்பியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அதற்காக எரிந்தவர்களின் பெயரையும் அதே மரியாதையோடு சொல்ல வேண்டும்.

ஜூன் 14, புதன்

களை, உரம், பேங்க். எழுத நேரமில்லை.

ஜூன் 18, ஞாயிறு

கல்லணை திறந்தாயிற்று. குடமுருட்டியில் தண்ணீர் வருகிறது, வயலுக்கு ஏறவில்லை.

சாயங்காலம் கோயில் திடலில் பையன்கள் டென்னிஸ் பால் மேட்ச். ஒருவன் போட்ட ஃபுல் டாஸ் பேட்ஸ்மேன் விலாவில் பட்டுச் சண்டையாகிவிட்டது. பிரித்து உட்கார வைத்து ஜேலன் கதையைச் சொன்னேன்.

“அப்புறம் அந்த அக்கா பந்து போடறத நிறுத்திட்டாங்களாண்ணே?” என்றான் அந்த ஃபுல் டாஸ் போட்ட பையன்.

“நிறுத்த முடியாதுடா. அவ முறை வந்தா போட்டுத்தான் ஆகணும்.”

அவன் முகம் வாடிவிட்டது. அதனால் பத்தாவது சீசன் முடிவுக்குத் தாவினேன். ராட்சச வேர்க்கடலைக் கடவுள் ஒன்று லீக்கின் நட்சத்திரங்களைப் பிடித்துத் தன் அணியாக்கிக்கொண்டதும், எரிந்து செத்தவர்கள் ஹால் ஸ்டார்ஸ் என்ற அணியாக இறங்கி அதைத் தோற்கடித்ததும். திடலே கத்தியது. கடலைக் கடவுள் ஒரத்தநாட்டுப் பக்கமா என்று ஒருவன் கேட்டான். அங்கேதான் கடலை அதிகமாம்.

மீதியை அடுத்த ஞாயிறு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஜெசிகா டெலிஃபோன் என்ற இன்னொரு ஆட்டக்காரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.