31 டாலரும் ஒரு மண்குடமும்

போன மாதம் என் கணக்கில் 31 டாலர் 40 சென்ட் வந்து விழுந்தது. அனுப்பியது சோகான். கனடாவில் பாட்டு ஒலிக்கிற இடங்களில் எல்லாம் வசூலித்து, அதை உண்டாக்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. ஒரு ஆவணப்படத்துக்கு நான் போட்ட நாற்பது விநாடிப் பின்னணி இசை டிவியில் போனதற்கான காசு. டொராண்டோவுக்கு வந்த ஆறு வருடத்தில், கையைக் காலை அசைக்காமல் வந்த முதல் வருமானம். சந்தோஷத்தில் இன்னொரு காபி போட்டேன். அப்புறம்தான் பட்டியலைச் சரியாகப் பார்த்தேன். இசையமைத்தவர்: என் பெயர். பங்கு: 100 சதவீதம்.

காபி இறங்கவில்லை. அது எங்க பாட்டா, அதாவது தாத்தா, கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடித்த குடம்.

கதை ஒரு இசைக்கருவிக் கடையில் ஆரம்பித்தது. கீபோர்டுக்கு ஒயர் வாங்கப் போன இடத்தில் ஒரு மண்பானை இருந்தது. வயிற்றில் இன்னொரு ஓட்டை. உடு என்று பெயர், நைஜீரியாவின் இக்போ மக்களுடையது. சும்மா வாயில் ஒரு தட்டுத் தட்டினேன். 'கும்' என்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைப்பையன் பானை உடைந்துவிட்டதோ என்று ஓடி வந்தான்.

பாட்டா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம். வெளியூர்க்காரர்களுக்கு வில்லுப்பாட்டு என்றால் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்தான் ஞாபகம் வருவார், எங்க நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். ஆனால் கொடையில் உட்கார்ந்து கேட்டவனுக்கு முதலில் காதில் விழுவது குடம். கமுகம்பாளையில் வெட்டிய மட்டையால் குடத்து வாயில் அடிக்க வேண்டும். அடி விழுந்தால் காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியும். வடசேரி சந்தையில் பாட்டா இருபது குடத்தைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பார். "பெரியவரே, பொண்ணு பாக்குதியளா, குடம் வாங்குதியளா?" என்று பானைக்காரி திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தட்டுவார்.

இங்கே முதலில் தோட்டக் கடையில் மண் தொட்டி வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை! தண்ணீர் வடியத்தான் ஓட்டை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கடைசியில் அந்த உடுவையே தவணையில் வாங்கினேன்.

பிழைப்பு ஓடுகிறது. வாரநாட்களில் ஸ்கார்பரோவில் ஈழத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு, சனிக்கிழமை கல்யாணம், நடுவில் எப்போதாவது குறும்படம். முதல் நாள் என் பேச்சைக் கேட்ட ஒரு அம்மா, "தம்பி மலையாளியோ?" என்றார். சென்னையிலும் இதே கேள்விதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதியே எங்க கன்னியாகுமரி மலையாளப் பக்கத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது அம்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் மகனோடு புட்டும் அனுப்பினார்.

எல்லாம் பழகிவிட்டது. குளிர், வரி, பதினொரு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற அபார்ட்மென்ட் விதி, எல்லாம். பதினொரு மணிக்குத்தான் எங்க ஊரில் சுடலைமாடனுக்குப் பாட்டே சூடு பிடிக்கும். கூம்பு ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டியிருப்பார்கள். சாமி வரப்போகிற நேரத்தில் பாட்டு துரிதமாகும். புலவர் வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலை ஓங்குவார். பாட்டா கண்ணை மூடிக்கொள்வார். நான் வாழைக்குலை கட்டிய பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் நிற்பேன். அந்தத் துரித நடையும் அதன் மேல் வரும் நாலு வரி மெட்டும்தான் ஆவணப்படத்துக்குப் போனது. இயக்குநர் கேட்டார், கை தானாக அடித்தது.

ராத்திரி தாய்மாமாவைக் கூப்பிட்டேன். இளவயதில் உடுக்கை அடித்தவர். பாட்டா பேரையும் சேர்த்து எழுதப்போகிறேன் என்றேன்.

"லே மக்கா, அது அவருக்க அடி ஒண்ணும் இல்ல பாத்துக்க. ஈத்தாமொழிக்காரர் ஒருத்தருக்க பொறத்த இருந்து படிச்சதாக்கும்."

"அவருக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"அவருக்க அண்ணாவி. மெட்டு வேற ஆளு, தோவாளைக்காரர். நான் உடுக்கையில கொஞ்சம் மாத்தினேன். வலத்தே பாடின ஆளு கடைசி வரிய நீட்டுவாரு, அதையும் எடுத்திருக்கியா?"

எடுத்திருந்தேன். எண்ணிப் பார்த்ததில் என்னோடு ஏழு பேர். அதில் நாலு பேருக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் உண்டு. படிவத்தில் ஊர்ப் பெயர் எழுத இடம் இல்லை. நாட்டார் மெட்டு, சேர்த்து அமைத்தது நான் என்று திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன். என் பங்கு குறையும். குறையட்டும்.

மாமா விடவில்லை. "ஏழு பேருக்கு வீதம் எவ்வளவுலே வரும்?"

"ஆளுக்கு நாலரை டாலர்கூட வராது மாமா."

கொஞ்ச நேரம் யோசித்தார். பின்னால் யாரோ மைக்கில் 'அலோ அலோ' என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"செரி, பிரிக்க வேண்டாம். மைக்செட்டுக்காரனுக்குப் பாக்கி நிக்குவு. மொத்தமா அனுப்பி விடு."