சிர்கோனியா கிரவுன் செய்யும் லாப்புகளில் எழுதி வைக்க வேண்டியவை

செதுக்கிய பல்லின் மேல் தொப்பிபோல் மாட்டும் ஒரு சிர்கோனியா (வெள்ளைப் பீங்கான்) கிரவுன் பல்லில் இறங்கவில்லை என்றால் முதலில் பழி விழுவது அதை வெட்டியெடுத்த வட்டக் கட்டியான டிஸ்க் மீது. அடுத்தது பல் வைத்தியர் எடுத்த அச்சின் மீது. சில வேளை அது சரிதான். ஆனால் எந்த டிஸ்க், உலையின் எந்தத் தட்டு என்று எழுதி வைக்காத லாப்பில் அதைச் சரியென்றோ பிழையென்றோ எவராலும் சொல்ல முடியாது. வேலைமுறையை ஒழுங்காக்குவதற்குத் தடித்த கோவை எதுவும் வேண்டாம். வேலை வந்த நேரத்திலிருந்து பெட்டியில் போகும்வரை ஒரு துண்டு கூடவே போனால் போதும். டிஸ்கின் தொகுதி இலக்கம், சுருக்கக் காரணி, பர் (வெட்டும் ஊசி) எத்தனையாவது அலகை (பல்லை) வெட்டுகிறது, உலை நிரல், தட்டில் இருந்த இடம், செய்தவரின் கையெழுத்து: இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும்.

இவற்றில் சுருக்கக் காரணிதான் அதிகம் கெடுக்கிறது. முன்சுட்ட டிஸ்க் உலையில் நீளவாக்கில் சுமார் 20 சதவீதம் சுருங்கும். அதற்கு ஏற்றபடி எத்தனை மடங்கு பெரிதாக வெட்ட வேண்டும் என்பதே சுருக்கக் காரணி. அது ஒவ்வொரு தொகுதிக்கும் வேறு. டிஸ்கின் மேலேயே அச்சிட்டிருக்கும். 1.245 என்பதற்குப் பதிலாக முந்தைய டிஸ்கின் 1.235 கணினியில் அப்படியே கிடந்தால், 10 மில்லிமீற்றர் அகலமான கிரவுன் 80 மைக்ரோன் சிறிதாக வரும். சீமெந்துக்கு ஒரு பக்கம் 50 மைக்ரோன் விட்டிருந்தால் இரு பக்கமும் சேர்த்து 100. மிஞ்சுவது 20, அதாவது கிரவுன் இறங்காது. அதே பிழை 40 மில்லிமீற்றர் பிரிட்ஜில் (பல பற்களை இணைக்கும் துண்டில்) 0.3 மில்லிமீற்றரைத் தாண்டும். அதைத் தேய்த்துச் சரிக்கட்ட நினைப்பவர்கள் நேரத்தைத்தான் வீணாக்குகிறார்கள். ஆகவே காரணியை ஒருவர் அடிக்க, இன்னொருவர் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். பாதி வெட்டிய டிஸ்கை அதன் ஒட்டுத்தாளோடு பையில் போட்டு மூடிவையுங்கள். இற்றியா கலந்த அளவால் வேறுபடும் 3Y டிஸ்கும் 5Y டிஸ்கும் வெட்டிய பின் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 5Y-யின் வளைவு வலிமை 3Y-யின் பாதியளவுதான்.

புதுத் தொகுதி ஒன்றைத் திறந்ததும், சுட்டபின் சரியாக 20 மில்லிமீற்றர் வரவேண்டிய ஒரு சட்டத்தை வெட்டி, வழமையான நிரலில் சுட்டு, மைக்குரோமீற்றரால் அளவுங்கள். 19.97க்கும் 20.03க்கும் இடையில் இருந்தால் நல்லது. அதற்கு மேலே நின்றால் உலை போதிய சூடு ஏறவில்லை, அல்லது காரணி பிழை. எது என்று அறிய வழி இருக்கிறது: பழைய, புதிய இரண்டு தொகுதிச் சட்டங்களும் ஒரே அளவு பெரிதாக வந்தால் உலை, ஒன்று மட்டும் வந்தால் காரணி. ஆனால் உலை அளவுக்கு மிஞ்சிச் சூடேறுவதை இந்தச் சட்டம் காட்டாது. முழு அடர்த்தி வந்த பின் சிர்கோனியா மேலும் சுருங்குவதில்லை. உள்ளே படிக மணிகள் பெருத்து, நாட்பட ஈரத்தில் வலிமை குறையும். அதைப் பிடிக்க வெப்பக் கட்டுப்பாட்டு வளையங்கள், அதாவது ஏறிய சூட்டுக்கு ஏற்பச் சுருங்கும் பீங்கான் வளையங்கள், வேண்டும். உலைத் திரை காட்டும் 1500 பாகை வெப்ப உணரி சொல்வது மட்டுமே. உணரி பழசாக ஆக அதன் வாசிப்பும் விலகும். வளையத்தைப் பொருட்கள் இருக்கும் தட்டிலேயே வைத்துச் சுட்டு, அதன் விட்டத்தை அந்த வளையத் தொகுதியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை போதும். வெப்பக் கம்பி மாற்றினால் உடனே செய்யுங்கள்.

வெள்ளைக் கிரவுன் பச்சையோ மஞ்சளோ கலந்து வந்தால் நிறத் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். உலையின் மொலிப்தினம் டைசிலிசைட் வெப்பக் கம்பியின் மேற்படை உரிகிறது என்பதே பெரும்பாலும் காரணம். உலையை வெறுமையாக, தயாரிப்பாளர் சொன்ன சுத்திகரிப்பு நிரலில் ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் தீரும்.

வன்னியிலுள்ள லாப்புகளுக்குக் கறண்ட் தனிக் கதை. சாதாரண நிரல் ஒன்றுக்கே எட்டு, பத்து மணித்தியாலம் போகும். நடுவில் நின்றால் என்ன செய்வது என்று அன்றைக்கு யோசிக்கக்கூடாது, முன்னமே சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நான் வைக்கச் சொல்லும் விதி கொஞ்சம் கடுமையானது. 1000 பாகைக்குக் கீழே நின்றால் ஆறவிட்டு, பார்த்து, தொடக்கத்திலிருந்து சுடலாம். அதைத் தாண்டி நின்றால் தட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். சுருக்கம் தொடங்கிய பொருள் பாதியில் ஆறி மறுபடி சூடேறினால் என்ன அடர்த்தி வந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஜெனறேற்றர் இருந்தாலும் அது உலையின் சுமையைத் தாங்குமா என்று உலை உச்சச் சூட்டில் நிற்கும்போதே பரீட்சித்து வையுங்கள்.

அடுத்தது தூசி. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் எந்த யன்னலாலும் உள்ளே வரும். அதன் சிவப்பு இரும்பு ஒட்சைட்டினால் வருவது. சிர்கோனியாவுக்கு மஞ்சள் நிறம் ஊட்டவும் இரும்புதான் பயன்படுகிறது. சுடாத கிரவுன் மேல் படிந்த துகள் உலையில் மஞ்சள் புள்ளியாகப் பதிந்துவிடும். ஆகவே வெட்டிய பொருளை மூடிய பெட்டியில் வையுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், மென்தூரிகையால் பள்ளங்களைத் துடையுங்கள். மாரியில் பிரச்சினை மாறும்: கொம்பிரசர் குழாயில் தண்ணீர் சேரும், எண்ணெயும் கூட வரும். காலையில் வடிகட்டியைத் திறந்து விடுவது நாளாந்த வேலைப்பட்டியலின் முதல் வரியாக இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீரோ கேத்திலின் அடியில் வெள்ளைப் படை விடுகிற சாதி. அதை நிறத் திரவத்துக்கும் கிப்சத்துக்கும் சேர்க்காதீர்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும். கிப்சத்துக்கான நீரைக் கண்ணால் பார்த்து ஊற்றாமல் பொதியில் உள்ள விகிதப்படி நிறுத்து அளந்து கலக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்தில் பஸ் மாறி வரும் அல்ஜினேற் அச்சை வாங்கவே வேண்டாம். அது அரை மணித்தியாலத்துக்குள் கிப்சம் வார்க்க வேண்டிய பொருள். தூரத்து வேலைக்கு அளவு மாறாத அச்சுப் பொருளான சேர்க்கைச் சிலிக்கன் அல்லது அங்கேயே வார்த்த மொடல்.

நிறத்தில் தோய்த்த பொருளை விளக்கின் கீழோ, 80 பாகைச் சூட்டிலோ குறைந்தது அரை மணித்தியாலம் உலர விடுங்கள். தடித்த பொன்ரிக் (இல்லாத பல்லின் இடத்தை நிரப்பும் பல்) உள்ள பிரிட்ஜுக்கு இன்னும் கூட. உள்ளே ஈரம் இருக்கும்போது வேகமாகச் சூடேற்றினால் நீராவி வெடிப்பை உண்டாக்கும். விரைவு நிரல், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், உலர்ந்த தனிக் கிரவுனுக்கு மட்டும். நீண்ட பிரிட்ஜுக்கு மெதுவான ஏற்றமும் சுடும்போது அதைத் தாங்கும் சட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் வளைந்து வரும். மூன்று அலகுப் பின்பல் பிரிட்ஜின் இணைப்பு 3Y-யில் 9 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். சுட்ட பின் அந்த இடத்தில் வட்டத் தகட்டு வெட்டியால் பிரிவு கீறுவதைத் தடை செய்யுங்கள். முறிவு அந்தக் கீறலில்தான் தொடங்கும். 200 பாகைக்குக் கீழே இறங்கும்வரை உலைக் கதவைத் திறக்கக்கூடாது.

பெட்டியில் வைத்தியருக்கு ஒரு சிறு தாளும் போக வேண்டும். அதில் எழுத வேண்டியவை இவை. உட்புறம் 50 மைக்ரோன் அலுமினாத் தூளால், 2 பாருக்கு மேற்படாத அழுத்தத்தில் வீசப்பட்டது. வாயில் வைத்துப் பார்த்தபின் உமிழ்நீரின் பொஸ்பேற் ஒட்டிக்கொள்ளும், பொஸ்போரிக் அமிலம் போட்டால் இன்னும் மோசம். ஆகவே சிர்கோனியாவுக்கான சுத்திகரிப்பானால் கழுவிய பிறகே சீமெந்து. கடியைத் திருத்தினால் நுண் டயமண்ட், தண்ணீரோடு, பின்னர் மினுக்கல். அதோடு டிஸ்கின் தொகுதி இலக்கமும்.